கிடைநாய்ப் பராமரிப்பு: பங்குனி வெயில் முதல் மாசிப் பனி வரை

மதுரையைச் சுற்றியுள்ள ஊர்களில், அறுவடை முடிந்த வயல்களில் உரத்துக்காக இரவில் ஆடுகளை வலைக்குள் அடைத்து ஆட்டுக்கிடை போடுகிறவர்களிடம் இரண்டு மூன்று நாய்களாவது இருக்கும். பகலில் மந்தையோடு நடந்து, இரவில் வலைக்கு வெளியே படுத்து, நரியும் ஊர்நாய்க் கூட்டமும் ஆட்டுத் திருடரும் நெருங்காமல் காப்பவை அவைதாம். ஆட்டுக்குக் குடற்புழு மருந்து எப்போது, அம்மை ஊசி எப்போது என்று மாதக் கணக்கு வைத்திருக்கும் நாம் நாய்க்கு அப்படி ஒரு கணக்கு வைப்பதில்லை. நோய்ப்பட்ட ஆடு மந்தையில் பின்தங்கி நின்று தன்னைக் காட்டிக் கொடுத்துவிடும். நாயோ காய்ச்சலோடும் காவலுக்குப் போகும். விழுகிற நாள் வரைக்கும் குரைத்துக்கொண்டே இருக்கும். ஆகவே கிடைநாயை வளர்ப்பவர், ஒவ்வொரு பருவமும் என்ன கொண்டு வரும் என்பதை அறிந்து, அது வருவதற்கு முன்பே நாயைத் தொட்டுப் பார்த்துவிட வேண்டும். மேலூர்ப் பக்கம் இருபது ஆண்டுகளுக்கு மேல் ஆடும் நாயும் வைத்திருந்த அனுபவத்தில் கற்றவற்றையும், கால்நடை மருத்துவர்களிடம் கேட்டுத் திருத்திக்கொண்டவற்றையும் இங்கே எழுதுகிறேன்.

எல்லாப் பருவத்துக்கும் பொதுவான ஒரு வேலையை முதலில் சொல்லிவிட வேண்டும். எனக்குக் கிடைத் தொழில் கற்றுக்கொடுத்த பெரியப்பா, "நாயக் கண்ணால பாத்தாப் போதாதுய்யா, கையால பாக்கணும்" என்பார். வாரத்துக்கு ஒரு நாள், ஆட்டைப் பத்திக்கொண்டு போவதற்கு முன் விடியற்காலையில், நாயைக் காலிடுக்கில் நிறுத்தி மூக்கிலிருந்து வால்நுனி வரை கையால் தடவிப் பார்க்க வேண்டும். காதை மடித்து உட்புறம் பார்த்து, முகர்ந்தும் பார்க்க வேண்டும். கெட்ட வாடை வந்தால் உள்ளே சீழ் இருக்கிறது என்று பொருள். உதட்டைத் தூக்கி ஈறைப் பார்த்தால், நலமுள்ள நாய்க்கு அது இளஞ்சிவப்பாக இருக்கும். விரலால் அழுத்தினால் வெளுத்து, விரலை எடுத்ததும் இரண்டு நொடிக்குள் பழைய நிறத்துக்குத் திரும்பும். ஈறு இயல்பாகவே கறுத்திருக்கும் நாய்க்குக் கீழ் இமையை இழுத்து உள்நிறத்தைப் பார்க்கலாம். கழுத்துப்பட்டையைக் கழற்றி அதன் அடியிலும், அக்குளிலும், தொடையிடுக்கிலும், கடைசியாக ஒவ்வொரு விரலிடுக்கிலும் தேட வேண்டும். ஒரு நாய்க்கு ஐந்து நிமிடம் போதும். குட்டியிலிருந்தே இப்படித் தொட்டுப் பழக்கிய நாய், பிற்காலத்தில் காயம் பட்டு வலியில் துடிக்கும்போதும் நம் கையைக் கடிக்காது. அந்தப் பழக்கம் எத்தனை பெரிய உதவி என்பது காலில் முள்ளேறிய நாளில்தான் விளங்கும்.

பங்குனி, சித்திரை, வைகாசி

நம் பகுதிக் கோடை கிடைநாய்க்கு மிகவும் கடுமையான பருவம். கத்திரி வெயில் காலத்தில் 40 டிகிரி செல்சியஸைத் தாண்டும் நாட்கள் மதுரைக்குப் புதியவையல்ல. நாய்க்கு உடல் முழுதும் வியர்க்காது; பாதத்து அடியில் சிறிதளவு வியர்ப்பதைத் தவிர, நாக்கைத் தொங்கவிட்டு மூச்சிரைப்பதன் மூலமாகத்தான் அது சூட்டை வெளியேற்றுகிறது. நாயின் இயல்பான உடல் வெப்பம் ஏறத்தாழ 38.3 முதல் 39.2 டிகிரி வரை இருக்கும். அது 41 டிகிரியைத் தாண்டினால் குடல், சிறுநீரகம், மூளை எல்லாம் பழுதடையத் தொடங்கும்.

தண்ணீரே முதல் மருந்து. சாதாரண நாட்களில் ஒவ்வொரு கிலோ எடைக்கும் ஏறத்தாழ 50 முதல் 60 மில்லி வரை நாய் தண்ணீர் குடிக்கும். அதாவது 20 கிலோ நாய்க்கு ஒரு லிட்டருக்குச் சற்று மேல். கோடையில் மந்தையோடு நடக்கிற நாய்க்கு அதைப் போல இரண்டு மூன்று மடங்கு தேவைப்படும். கண்மாய் வற்றிய மாதங்களில், ஆட்டுக்குப் பம்புசெட்டுத் தொட்டியில் தண்ணீர் காட்டுகிறபோது நாய் ஓரமாக ஒதுங்கி நிற்பதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். ஆட்டுக் கூட்டம் முண்டியடிக்கும் தொட்டியில் அது வாய் வைக்காது. தொட்டியின் விளிம்பு உயரமாக இருந்தாலும் எட்டாது. ஆகவே நாய்க்கென்று தனியாக ஒரு மண்சட்டி வைத்திருப்பது அவசியம். கிடையில் அதை நிழலில் பாதி புதைத்து வைத்தால் தண்ணீர் குளிர்ந்திருக்கும், கவிழவும் கவிழாது. மேய்ச்சலுக்குப் போகும்போது ஒரு பிளாஸ்டிக் கேனும் அகலமான கிண்ணமும் கையோடு போக வேண்டும்.

தீவனத்தை வெயிலுக்கு முன்னும் பின்னுமாக மாற்றிக்கொள்ள வேண்டும். விடியலில் கால் பங்கும், பொழுது இறங்கிய பின் முக்கால் பங்கும் கொடுப்பது என் வழக்கம். கேழ்வரகுக் கூழையோ சோற்றையோ மோர் விட்டுக் கரைத்து, அதில் ஒரு அவித்த முட்டையோ, உப்புப் போகக் கழுவி வேகவைத்த கருவாடோ சேர்த்தால் நாய் விரும்பிச் சாப்பிடும். வெறும் கூழிலேயே வளரும் நாய்க்குச் சதை பிடிக்காது. கிடைநாய் தூங்குகிற நேரம் குறைவு, ஓடுகிற தூரம் அதிகம் என்பதால் புரதம் கட்டாயம் வேண்டும். வயிறு நிறையச் சாப்பிட்ட உடனே ஓடவிடக் கூடாது. ராஜபாளையம், சிப்பிப்பாறை போன்று நெஞ்சு ஆழமான நாய்களுக்கு வயிறு உப்பி முறுக்கிக்கொள்ளும் ஆபத்து உண்டு. வெங்காயம் சேர்ந்த குழம்புச் சோற்றையும் தவிர்க்க வேண்டும். வெங்காயம் நாயின் இரத்தச் சிவப்பணுக்களை உடைக்கும்.

நடக்கிற தரையையும் பார்க்க வேண்டும். புறங்கையைத் தார்ச்சாலையில் ஐந்து நொடி வைத்துப் பொறுக்க முடியவில்லை என்றால், அந்தச் சாலை நாயின் பாதத்தைச் சுட்டுவிடும். கிடை மாற்றி வேறு ஊருக்குப் போகிறவர்கள் கோடையில் விடியலுக்கு முன்பே புறப்பட்டுவிடுவது நல்லது. இருட்டில் நான்குவழிச் சாலையைக் கடக்க வேண்டியிருந்தால், வாகன வெளிச்சத்தில் மின்னும் ஒட்டுப்பட்டையை நாயின் கழுத்துப்பட்டையில் சுற்றிவிட வேண்டும். எங்கள் பக்கத்து மந்தைகளில் நரி கொன்ற நாய்களைவிட லாரியில் அடிபட்ட நாய்கள் அதிகம்.

வெப்பத் தாக்கு எப்படியிருக்கும் என்பதை ஒருமுறை நேரில் கண்டேன். ஒரு வைகாசி மாதத்து நடுப்பகலில், புளியமரத்தடியில் ஆடுகள் தலையோடு தலை சேர்த்து நின்றிருந்தன. எங்கள் செவலை நாய் மட்டும் வெயிலிலேயே நின்றது. நாக்கு வழக்கத்தைவிட அகலமாகி, நுனி கரண்டி போல மேல்நோக்கி வளைந்திருந்தது. எச்சில் பசை போல இழுபட்டது. ஈறு செங்கல் நிறத்தில் இருந்தது. கூப்பிட்டால் திரும்பியது, ஆனால் என்னைப் பார்க்காமல் எனக்குப் பின்னால் எதையோ பார்த்தது. பிறகு பின்னங்கால் இரண்டும் மடிந்து உட்கார்ந்துவிட்டது. தூக்கி நிழலில் போட்டு, கேனில் இருந்த தண்ணீரை வயிறு, தொடையிடுக்கு, அக்குள், பாதம் என்று விட்டு, துண்டால் இடைவிடாமல் விசிறினோம். அரைமணி நேரம் கழித்துத் தானாக எழுந்து தண்ணீர் குடித்தது. அன்று நாங்கள் செய்த ஒரே தவறு, நனைத்த சாக்கை அதன் மேல் போர்த்திவிட்டது. ஈரச்சாக்கு சிறிது நேரத்தில் சூடேறி, உள்ளே இருக்கும் வெப்பத்தை வெளியே விடாமல் அடைத்துவிடும் என்று பின்னர் மருத்துவர் விளக்கினார். தண்ணீரை நேரே உடம்பில் விட்டுக் காற்று படச் செய்வதே சரியான முறை. மயங்கிக் கிடக்கும் நாயின் வாயில் தண்ணீர் ஊற்றக் கூடாது. அது நுரையீரலுக்குப் போய்விடும். எழுந்து நடந்துவிட்டாலும் அன்றே மருத்துவரிடம் காட்டுவது நல்லது, ஏனெனில் சிறுநீரகக் கோளாறு ஓரிரு நாள் கழித்துத்தான் தெரிய வரும்.

கோடையில் பெருகுகிற இன்னொரு பகை உண்ணி. நாயின் மேல் நம் கண்ணுக்குப் படுவது உண்ணிக் கூட்டத்தில் ஒரு பகுதிதான். இரத்தம் குடித்துப் பருத்த பெண் உண்ணி கீழே இறங்கி, சுவர் வெடிப்பிலும் கயிற்றுக்கட்டில் இடுக்கிலும் கூரை ஓலையிலும் ஆயிரக்கணக்கில் முட்டையிடும். ஆகவே நாய்க்கு மட்டும் மருந்து போட்டுவிட்டுப் படுக்குமிடத்தை விட்டுவிட்டால், மூன்றாம் வாரம் மறுபடியும் அதே கதைதான். பட்டிச் சுவரின் வெடிப்புகளைப் பூசி, சுண்ணாம்பு அடித்து, பழைய சாக்கையும் குப்பையையும் எரித்து, இரண்டு மூன்று வார இடைவெளியில் மறுபடியும் செய்ய வேண்டும். உண்ணியைப் பிடுங்கும்போது தோலை ஒட்டி இடுக்கியால் பிடித்து நேராக இழுத்து, சோப்புத் தண்ணீரிலோ மண்ணெண்ணெயிலோ போட வேண்டும். நகத்தால் நசுக்குவது கூடாது.

உண்ணி கடிப்பதால் வரும் காய்ச்சல் கிடைநாய்களை ஓசையில்லாமல் கொல்வது. தீவனத்தை முகர்ந்து பார்த்துவிட்டு விலகுவது, ஈறு வெளுப்பது, மூக்கில் இரத்தம் வருவது, சிறுநீர் காப்பி நிறத்தில் போவது ஆகியவற்றில் எது தெரிந்தாலும் அன்றே கால்நடை மருந்தகத்துக்குக் கொண்டுபோக வேண்டும். இரத்தப் பரிசோதனையில் நோய் தெரிந்துவிடும். தொடக்கத்தில் பிடித்தால் குணமாகும். நாளை பார்க்கலாம் என்று விட்டதில் நான் ஒரு நல்ல நாயை இழந்திருக்கிறேன்.

மருந்து விஷயத்தில் ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். ஆட்டுக்கு வாங்கிய உண்ணி மருந்தையோ பூச்சி ஊசியையோ மீதமிருக்கிறது என்று நாய்க்குப் போடக் கூடாது. ஆட்டுக்கான அளவு வேறு, நாய்க்கான அளவு வேறு. சில மருந்துகள் நாயின் நரம்பைத் தாக்கி நடுக்கமும் மயக்கமும் உண்டாக்கும். வயலுக்கு அடிக்கும் பூச்சிக்கொல்லியை நாய்மேல் தெளிப்பது அதனினும் மோசம், ஏனெனில் நாய் தன் உடம்பை நக்கும். நாம் காய்ச்சலுக்கும் உடம்பு வலிக்கும் போடுகிற பாரசிட்டமால், புரூஃபென், டைக்ளோஃபெனாக் மாத்திரைகளும் நாய்க்கு ஆபத்தானவை.

வெள்ளை ராஜபாளையம் நாய் வைத்திருப்பவர்களுக்கு ஒரு குறிப்பு. இளஞ்சிவப்பு மூக்கும் மெல்லிய வெள்ளைத் தோலும் உள்ள அந்த நாய்க்கு வெயிலில் மூக்கும் காது நுனியும் வெந்து உரியும். நடுப்பகல் மேய்ச்சலுக்கு அதை அழைத்துப் போகாமல், இரவுக் காவலுக்கு மட்டும் வைத்துக்கொள்ளலாம். செம்பழுப்பு நிறத்துக் கோம்பைக்கும், நம் ஊர் நாட்டு நாய்க்கும் அந்தத் தொல்லை குறைவு. என் கருத்தில், கிடைக்கு இனத்தின் பெயர் முக்கியமில்லை. கிடையில் பிறந்த நாயின் குட்டியே கிடைக்கு ஏற்றது.

ஆனி, ஆடி, ஆவணி

ஆடிக்காற்றில் புழுதி பறக்கும்போது நாயின் கண் சிவந்து பீளை கட்டும். கொதித்து ஆறிய தண்ணீரில் நனைத்த துணியால் துடைத்துவிட்டால் போதும். காய்ந்த ஊசிப்புல் காதுக்குள் போய்விட்டால் நாய் தலையை ஒரு பக்கமாகச் சாய்த்து உதறிக்கொண்டே இருக்கும். அதை நாமே குச்சி விட்டு எடுக்க முயலாமல் மருத்துவரிடம் காட்ட வேண்டும். சீமைக்கருவேல முள் குத்திய பாதத்தை உப்புக் கலந்த வெந்நீரில் ஊற வைத்தால் முள் எடுப்பது எளிதாகும்; முனை உள்ளேயே முறிந்து நின்றால் சீழ் வைக்கும்.

இந்த மாதங்களில் காற்றையும் முள்ளையும்விட நான் அஞ்சுவது கிடாவெட்டை. ஆடி பிறந்துவிட்டால் நம் பகுதிக் காவல் தெய்வக் கோயில்களில் வரிசையாகக் கிடாவெட்டு நடக்கும். விருந்து முடிந்ததும் மிஞ்சிய தலை, நுரையீரல், ஈரல் துண்டுகளை நாய்க்கு எறிவது எல்லாருக்கும் வழக்கம். நானும் எறிந்திருக்கிறேன். ஓர் ஆடியில், மந்தையில் வெட்டிய ஆட்டின் தலையைப் பச்சையாகவே இரண்டு நாய்களுக்கும் பிளந்து போட்டேன். அடுத்த மாசியில் எங்கள் மந்தையில் ஒரு பெட்டைக்குட்டி, தலையை இடப்பக்கம் சாய்த்து, இடப்பக்கமாகவே வட்டம் போட ஆரம்பித்தது. மேய்ச்சலில் எல்லா ஆடும் நேரே போகும், அது மட்டும் ஒரே இடத்தில் செக்குமாடு போலச் சுற்றி மண்ணில் தடம் பதிக்கும். வலையில் முட்டிக்கொண்டால் விலகத் தெரியாமல் முட்டியபடியே நிற்கும். தீவனம் எடுக்காமல் மெலிந்து இறந்தது. மருத்துவர் மண்டையோட்டைத் திறந்து காட்டியபோது, மூளையின் ஒரு பக்கத்தில் கோலிக்குண்டைவிடப் பெரிதாக, தெளிந்த நீர் நிறைந்த ஒரு பை இருந்தது. பையின் உள்சுவரில் ரவை ஒட்டியதுபோல வெள்ளைப் புள்ளிகள். ஒவ்வொரு புள்ளியும் ஒரு நாடாப்புழுவின் தலை என்றார் அவர்.

நடப்பது இதுதான். அந்தப் பையைப் பச்சையாகத் தின்ற நாயின் குடலில், ஒவ்வொரு தலையும் ஒரு நாடாப்புழுவாக வளரும். ஏறத்தாழ ஆறு வாரத்தில் புழு முற்றி, நாயின் சாணத்தோடு முட்டைகள் வெளியேறிப் புல்லில் ஒட்டிக்கொள்ளும். அந்தப் புல்லை மேய்ந்த ஆட்டின் மூளையில் மறுபடியும் பை உருவாகும். நாய்க்கு எந்த நோய்க்குறியும் இருக்காது. ஆட்டின் ஈரலிலும் நுரையீரலிலும் நீர்ப்பை உண்டாக்கும் வேறொரு நாடாப்புழுவும் இதே வழியில்தான் சுற்றி வருகிறது. அதன் முட்டை நம் கை வழியாக வாய்க்குப் போனால், மனிதர் ஈரலிலும் நுரையீரலிலும் அதே நீர்ப்பை வளரும். நாயைத் தடவிய கையோடு சோறு உண்ணும் குழந்தைகளை எண்ணிப் பார்த்தால் இதன் கடுமை புரியும்.

தடுப்பது எளிது. நாய்க்குப் பச்சையான தலை, மூளை, ஈரல், நுரையீரல் எதையும் போடக் கூடாது. கொடுக்க விரும்பினால் துண்டுகளாக நறுக்கி முக்கால் மணி நேரமாவது கொதிக்க வைத்துக் கொடுக்கலாம். எலும்பை மட்டும் நீக்கிவிட வேண்டும், வெந்த எலும்பு சில்லாக உடைந்து குடலைக் கிழிக்கும். செத்த ஆட்டை வயலோரம் போட்டுவிடாமல், நாய் தோண்ட முடியாத ஆழத்தில் குழி வெட்டிப் புதைக்க வேண்டும். பிராசிகுவாண்டல் சேர்ந்த பூச்சி மாத்திரையை, ஒவ்வொரு கிலோ எடைக்கும் 5 மில்லிகிராம் பிராசிகுவாண்டல் என்ற கணக்கில், மருத்துவர் சொல்லும் முறைப்படி கொடுக்க வேண்டும். வீட்டு நாய்க்கு மூன்று மாதத்துக்கு ஒருமுறை போதுமானாலும், ஆட்டு இறைச்சிக் கழிவு கிடைக்க வாய்ப்புள்ள கிடைநாய்க்கு ஆறு வாரத்துக்கு ஒருமுறை கொடுப்பதே பாதுகாப்பு. மாத்திரை கொடுத்த பின் இரண்டு நாள் நாயைக் கட்டி வைத்து, அது போடும் சாணத்தை மேய்ச்சல் நிலத்தில் விடாமல் எரித்தோ ஆழப் புதைத்தோ விட வேண்டும். அந்த மாசிக்குப் பிறகு இதை நாங்கள் தவறவிட்டதே இல்லை. எங்கள் மந்தையில் சுற்றுகிற ஆட்டையும் பிறகு பார்க்கவில்லை.

வெறிநாய்க்கடி ஊசியையும் மழைக்கு முந்திய இந்த மாதங்களிலேயே முடித்துவிடுவது நல்லது. லூயி பாஸ்டர் 1885 ஜூலை 6 அன்று முதன்முதலாக ஒரு சிறுவனுக்கு இந்தத் தடுப்பூசியைப் போட்டார். அந்த நாளையொட்டியும், உலக வெறிநோய் நாளான செப்டம்பர் 28-ஐ ஒட்டியும் தடுப்பூசி முகாம்கள் நடக்கும். குட்டிக்கு மூன்று மாதம் நிறைந்ததும் முதல் ஊசி, மருத்துவர் குறித்துக் கொடுக்கும் நாளில் ஊக்க ஊசி, அதன் பிறகு ஆண்டுதோறும் ஓர் ஊசி. கிடைநாய் நாள்தோறும் ஊர்நாய்களோடு மோதுகிறது; வெறிபிடித்த நாய் முதலில் கடிப்பது அதைத்தான். அதனிடமிருந்து நோய் ஆட்டுக்கும் நமக்கும் வரும். மனிதரை எந்த நாய் கடித்தாலும், காயத்தைச் சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் பதினைந்து நிமிடம் கழுவிவிட்டு உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும். சுண்ணாம்பு தடவுவதும் மிளகாய்ப்பொடி வைப்பதும் உயிருக்கு உலை வைக்கும் செயல்கள்.

புரட்டாசி முதல் கார்த்திகை வரை

வடகிழக்குப் பருவமழை தொடங்குவதற்கு முன் எலிக்காய்ச்சலுக்கும் தடுப்பு உள்ள கூட்டுத் தடுப்பூசியைப் போட்டுவிட வேண்டும். நெல்வயலில் எலி மிகுதி. எலியின் சிறுநீர் கலந்து தேங்கிய தண்ணீரை நாய் குடித்தாலும், புண்பட்ட காலோடு அதில் நடந்தாலும் நோய் தொற்றும். கண்ணும் ஈறும் மஞ்சளாகி, வாந்தியோடு நாய் சுருண்டுவிடும். அத்தகைய நாயின் சிறுநீர் பட்ட இடத்தை வெறுங்கையால் தொடக் கூடாது, ஏனெனில் மனிதருக்கும் அது பரவும். மழைக்காலத்திலும் நாய்க்குச் சட்டியில் நல்ல தண்ணீர் வைக்க வேண்டும் என்பது இதனால்தான். எங்கும் தண்ணீர் கிடக்கிறதே என்று சட்டியைக் கவிழ்த்து வைத்துவிடக் கூடாது.

படுக்க ஈரமில்லாத ஓர் இடம் வேண்டும். கிடையை மேட்டில் போட்டாலும் நாய் படுப்பது வலைக்கு வெளியே தாழ்ந்த வரப்போரமாகவே இருக்கும். நான்கு கல் அடுக்கி, அதன் மேல் ஒரு பழைய பலகையைப் போட்டு, சாய்வாக ஒரு தார்ப்பாயைக் கட்டிவிட்டால் போதும். அந்தக் கூடாரம் மந்தையைப் பார்த்தபடி திறந்திருக்க வேண்டும். ஆடு கண்ணில் படாத இடத்தில் எவ்வளவு வசதி செய்து கொடுத்தாலும் நல்ல கிடைநாய் அங்கே படுக்காது, மழையில் நனைந்துகொண்டு ஆட்டோரம் வந்துவிடும். வைக்கோல் விரித்தால் ஈரத்தில் பூசணம் பிடிக்கும். இரண்டு சாக்கு வைத்துக்கொண்டு மாற்றி மாற்றி உலர்த்திப் போடுவது மேல்.

மாலையில் மந்தை திரும்பியதும் நாயின் விரலிடுக்குகளில் சேற்றைக் கழுவித் துணியால் ஒற்றி எடுக்க வேண்டும். தொடர்ந்து நனையும் பாதம் விரலிடுக்கில் வெந்து நாறும். சிறு காயமும் இந்தப் பருவத்தில் பெரிதாகிவிடும். ஈ மொய்த்து முட்டையிட்டால் ஒரே நாளில் புழு நெளியும். வெளியே சிறு துளையாகத் தெரிந்தாலும் உள்ளே கையளவு குடைந்திருக்கும். காயத்தைச் சுற்றியுள்ள மயிரைக் கத்தரித்து, உப்புத் தண்ணீரால் கழுவி, ஓரங்களில் வேப்பெண்ணெய் தடவினால் ஈ அண்டாது. புழு விழுந்துவிட்டால் அதற்கான மருந்தைக் கேட்டு வாங்கிப் போட்டு, இறந்த புழுக்களை ஒன்றுவிடாமல் இடுக்கியால் எடுக்க வேண்டும். காதிலோ கண்ணருகிலோ புழு என்றால் கைவைத்தியம் வேண்டாம்.

மழையில் வளை நிரம்பிப் பாம்புகள் மேட்டுக்கு வரும். கிடையும் மேட்டில்தான் இருக்கும். நாய்க்குப் பெரும்பாலும் மூஞ்சியிலோ முன்னங்காலிலோ கடி விழும். கண்ணாடி விரியன் கடித்தால் அந்த இடம் வேகமாக வீங்கி இரத்தம் உறையாமல் கசியும். நாகம் கடித்தால் இமை தொங்கி, கால் தள்ளாடி, மூச்சு அடைக்கும். கயிறு கட்டுவது, கீறி விடுவது, பச்சிலை புகட்டுவது எதனாலும் நேரம்தான் வீணாகும். நாயை நடக்கவிடாமல் தூக்கிக்கொண்டு, நஞ்சுமுறிவு மருந்து இருப்பதைத் தொலைபேசியில் உறுதிசெய்தபடியே மருத்துவமனைக்குப் போக வேண்டும். எந்த மருத்துவமனையில் அது இருப்பு இருக்கிறது என்பதை மழைக்கு முன்பே விசாரித்து எண்ணைக் குறித்து வைத்துக்கொள்வது நம் பொறுப்பு.

தீபாவளி வெடிச்சத்தத்தில், சிறுத்தையைக் கண்டும் அசையாத நாய்கூட மிரண்டு ஓடிவிடும். அந்த மூன்று நான்கு நாட்களுக்குக் கிடையை ஊரிலிருந்து தள்ளிப் போடுவது நல்லது. நாயை இறுகக் கட்டிவிட்டுத் தனியே விட்டுப் போகாமல், யாராவது ஒருவர் அருகிலேயே இருக்க வேண்டும். கழுத்துப்பட்டையில் தொலைபேசி எண்ணை எழுதிவிட்டால், ஓடிப்போன நாயைத் திரும்பப் பெறுவது எளிது.

ஐப்பசி, கார்த்திகை, மார்கழி மாதங்கள் நம் நாட்டு நாய்கள் இணைசேரும் காலமும் ஆகும். ஆண்நாய் கிடையை விட்டுவிட்டு இரண்டு மூன்று நாள் காணாமல் போகும். பெண்நாயைத் தேடி ஊர்நாய்கள் கூட்டமாகக் கிடைக்கு வரும். ஆட்டுக்கு அதிகமாகக் கடி விழுவது இந்த வாரங்களில்தான். மேலும், நாட்டு நாய்களிடையே இணைசேர்வதால் தொற்றும் ஒரு கட்டி நோய் உண்டு. பிறப்புறுப்பில் சதை காலிஃபிளவர் போல வளர்ந்து இரத்தம் சொட்டும். குட்டி தேவைப்படாத நாய்க்கு ஆவணியிலேயே குடும்பக் கட்டுப்பாட்டு அறுவை செய்துவிட்டால், மழைக்கு முன் புண் ஆறிவிடும். விதை நீக்கினால் காவல் குணம் போய்விடும் என்பது தவறான எண்ணம். அறுவை செய்த எங்கள் நாய்கள் கிடையை விட்டு அகலாமல் முன்னைவிடப் பொறுப்பாகவே இருந்தன.

மார்கழி, தை, மாசி

நம் பகுதிப் பனி, நலமான நாயை வாட்டாது. வயதான நாய்க்கு மட்டும் விடியலில் மூட்டு பிடித்துக்கொள்ளும். அதற்கு ஓர் உலர்ந்த சாக்கும், இரவுத் தீவனத்தில் ஒரு பங்கு கூடுதலும் கொடுத்தால் தேறிவிடும். நெல்லறுப்பு முடிந்து தாளில் கிடை போடும் காலமாதலால் இடம் அடிக்கடி மாறும். கதிரறுக்கும் இயந்திரம் ஓடிய வயலில் தாள் நுனி கத்தி போல நிற்கும். பாதத்தை அன்றாடம் பார்க்க வேண்டும்.

கார்த்திகையில் சேர்ந்த நாய் ஏறத்தாழ 63 நாளில், தையையொட்டிக் குட்டி போடும். கிடைக்கு அடுத்த காவலாளி உருவாகும் காலம் இது. குட்டிக்கு ஏழு எட்டு வாரம் ஆனதும், வீட்டுத் திண்ணையில் வளர்க்காமல், ஆட்டுக்குட்டிகள் அடைந்திருக்கும் பட்டியிலேயே அதற்கும் ஒரு மூலை ஒதுக்கித் தீவனம் அங்கேயே வைக்க வேண்டும். மூன்று வாரத்திலிருந்து மூன்று நான்கு மாதம் வரை எந்த உயிரோடு பழகுகிறதோ அதையே நாய் தன் கூட்டமாகக் கொள்ளும். வெள்ளைக் குட்டியாக இருந்தால் அதற்குப் பின்னால் நின்று கைதட்டிப் பார்க்க வேண்டும். ராஜபாளையத்தில் பிறவிச் செவிடு உண்டு, காது கேளாத நாய் காவலுக்கு உதவாது.

ஆறு மாதத்திலிருந்து ஒன்றரை வயது வரை பொறுமை வேண்டும். அந்த வயதில் நாய் விளையாட்டாக ஆட்டைத் துரத்தும், காதைக் கவ்வும். அடித்தால் ஆட்டைக் கண்டாலே அஞ்சும் நாயாகிவிடும். துரத்திய கணமே அதட்டி, இழுத்துக் கட்டி, முதிர்ந்த கிடா ஒன்றோடு சில நாள் விட்டுவைத்தால் கிடாவே முட்டி அடக்கிவிடும். எங்கள் மந்தையில் வாடிப்பட்டிப் பக்கத்துக் கச்சைகட்டி கருப்புக் கிடா ஒன்று இருந்தது. எங்கள் நாய்களில் மூன்றுக்கு அடக்கம் கற்றுக்கொடுத்தது அதுதான்.

ஆறு முதல் எட்டு வாரத்தில் தொடங்கி, மூன்று நான்கு வார இடைவெளியில் பதினாறு வாரம் வரை குட்டிக்குக் கூட்டுத் தடுப்பூசி போட வேண்டும். இரத்தக் கழிச்சலாக வரும் பார்வோ நோயின் கிருமி மண்ணில் பல மாதம் உயிரோடு இருக்கும். முந்திய ஆண்டு குட்டி இறந்த பட்டியில், மண்ணைச் சுரண்டி எடுத்து பிளீச்சிங் கரைசல் தெளிக்காமல் புதுக்குட்டியை விடக் கூடாது. தையில் பிறந்த குட்டிக்கு இந்த ஊசிகள் முடிவதற்குள் பங்குனி பிறந்துவிடும். தாய் குடிக்கும் சட்டியில் குட்டிக்கு வாய் எட்டாது. அதற்கென்று ஓர் அகலமான தாழ்ந்த சட்டியைத் தாயின் சட்டிக்குப் பக்கத்திலேயே நிழலில் புதைத்து வைத்துவிட வேண்டும்.